நியாயாதிபதிகள் புத்தகத்தைப் பென்சிலும் வரைபடமும் வைத்து வாசிப்பது எப்படி?

வேதாகமத்தின் நியாயாதிபதிகள் புத்தகம் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது இரண்டே கதைகள்தான். சிம்சோன் சிங்கத்தைக் கிழித்தது ஒன்று, கிதியோனின் 300 பேர் பானை உடைத்தது இன்னொன்று. சின்ன வயதில் படங்களோடு கேட்ட கதைகள் அப்படியே மனதில் தங்கிவிட்டன. புத்தகத்தின் 21 அதிகாரங்களையும் வரிசையாகப் படித்தால் கிடைப்பது வேறு. இஸ்ரவேலை விடுவிக்க வருகிற நியாயாதிபதிகள் ஒருவருக்குப் பின் ஒருவர் தரம் இறங்கிக்கொண்டே போகிறார்கள். எழுதியவர் இதை எங்கும் வெளிப்படையாகச் சொல்லவில்லை. ஒரு வாய்பாட்டை முதலில் கொடுத்துவிட்டு, பிறகு அதிலிருந்து ஒவ்வொரு வரியாகச் சத்தமில்லாமல் எடுத்துவிடுகிறார். பெரியவர்களுக்கான வேத வாசிப்புக் குழு ஒன்றைப் பல வருஷமாக நடத்துகிறேன். இந்தச் சரிவை அவர்கள் கண்ணாலேயே பார்க்கவேண்டும் என்பதற்காக நான் கையாளும் முறையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வேண்டியது அதிகம் இல்லை. ஒரு வேதாகமம், கோடு போட்ட பெரிய தாள் ஒன்று, பென்சில், பன்னிரண்டு கோத்திரங்களின் எல்லைகள் குறித்த ஒரு வரைபடம். வேதாகமத்தின் பின்பக்கத்தில் இருக்கும் சின்ன வரைபடமே போதும். விளக்கவுரைகளை முதல் வாசிப்பு முடியும்வரை அலமாரியிலேயே விட்டுவிடுங்கள்.

முதல் அதிகாரத்தில் தொடங்கவேண்டாம். யார் எந்த ஊரைப் பிடித்தார்கள், எந்த ஊரில் கானானியரைத் துரத்தாமல் விட்டார்கள் என்ற பட்டியல் அது. முக்கியமான பட்டியல்தான், ஆனால் புதிதாகப் படிக்கிறவர் அங்கேயே களைத்துவிடுவார். நேராக 2-ஆம் அதிகாரம் 11 முதல் 19 வரை போங்கள். மொத்தப் புத்தகத்தின் சுழற்சி அங்கே இருக்கிறது: ஜனங்கள் பாகால்கள் என்ற கானானியத் தெய்வங்களைச் சேவிக்கிறார்கள், கர்த்தர் அவர்களை எதிரி கையில் விடுகிறார், நெருக்கத்தில் தவிக்கிறார்கள், அவர் ஒரு நியாயாதிபதியை எழுப்புகிறார், அவன் செத்ததும் பழைய குருடி கதவைத் திறடி. 19-ஆம் வசனத்தின் அடியில் கோடு போடுங்கள். நியாயாதிபதி இறந்தபின் ஜனங்கள் தங்கள் பிதாக்களைவிட இன்னும் அதிகமாய்க் கெட்டுப்போனார்கள் என்கிறது அது. சுழற்சி என்று சொல்லிவிட்டு, அது ஒரே இடத்தில் சுற்றவில்லை என்பதையும் அப்போதே சொல்லிவிடுகிறார் எழுதியவர்.

அடுத்து 3:7-11 (3-ஆம் அதிகாரம், 7 முதல் 11 வரை), முதல் நியாயாதிபதி ஒத்னியேல். ஐந்தே வசனங்கள். காலேபின் தம்பியான கேனாசின் மகன், காலேபின் மகள் அக்சாளின் கணவன் என்பதைத் தவிர ஆளைப் பற்றி ஒன்றும் தெரியாது. பேச்சு இல்லை, காட்சி இல்லை. ஆனால் வாய்பாடு முழுமையாக இருப்பது இவனிடம் மட்டும்தான். அதனால் இவனையே அளவுகோலாக வைத்துத் தாளில் எட்டுப் பத்திகள் போடுங்கள்: பொல்லாப்பு, எதிரி, அடிமைப்பட்ட வருஷங்கள், ஜனங்கள் கூப்பிட்டார்களா, கர்த்தர் எழுப்பினாரா, அவருடைய ஆவி இறங்கியதா, எதிரி அடங்கினானா, தேசம் எத்தனை வருஷம் அமைதலாயிருந்தது. ஒத்னியேலின் வரிசையில் எட்டும் நிரம்பும். எதிரி கூசான்ரிஷதாயீம், அடிமைத்தனம் 8 வருஷம், அமைதி 40 வருஷம்.

இங்கே ஒரு விதி. வசனத்தில் இல்லாததைக் கட்டத்தில் எழுதக்கூடாது. குழுவில் ஒவ்வொரு முறையும் யாராவது கேட்பார்கள், "ஏகூத் மேலேயும் ஆவி இறங்கியிருக்கும்தானே?" என்று. எழுதியிருக்கிறதா என்று திருப்பிக் கேட்பேன். இல்லை. அப்படியானால் கட்டம் காலி. காலிக் கட்டங்களுக்காகத்தான் இந்தத் தாளே.

ஏகூத்துக்கு வந்ததும் வேகத்தைக் குறையுங்கள். மோவாப் ராஜா எக்லோனுக்கு 18 வருஷமாகக் கப்பம் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஏகூத் இடதுகைப் பழக்கமுள்ளவன். ஒரு முழ நீளத்தில் இருபுறமும் கருக்குள்ள கத்தியைச் செய்து வலது தொடையில், உடைக்குள் கட்டிக்கொள்கிறான். வலதுகைக்காரன் கத்தியை இடது பக்கம்தான் கட்டுவான். காவலர்கள் அங்கேதான் பார்த்திருப்பார்கள் என்பது நம் ஊகம், வசனம் அதைச் சொல்லவில்லை. கப்பத்தைச் சுமந்து வந்தவர்களை அனுப்பிவிட்டு, கில்காலுக்கு அருகே இருந்த சிலைகள்வரை போனவன் தனியாகத் திரும்பி வருகிறான். ரகசியம் ஒன்று இருக்கிறது என்கிறான். ராஜா மற்றவர்களை வெளியே போகச் சொல்கிறான். தேவனுடைய வார்த்தை என்றதும் மரியாதைக்காக ஆசனத்தை விட்டு எழுந்திருக்கிறான். கத்தி கைப்பிடியோடு உள்ளே போய், கொழுப்பு அதை மூடிக்கொள்கிறது. ஏகூத் கதவுகளைப் பூட்டிவிட்டுப் போய்விடுகிறான். வெளியே நின்ற வேலைக்காரர்கள், ராஜா உள்ளே இயற்கை உபாதைக்குப் போயிருக்கிறார் போலிருக்கிறது என்று சங்கடத்தோடு காத்துக்கொண்டே இருக்கிறார்கள். கடைசியில் திறவுகோலை எடுத்துத் திறந்து பார்த்தால் ராஜா தரையில் பிணமாகக் கிடக்கிறான். அந்தக் காத்திருப்புதான் ஏகூத் தப்பிப் போகக் கிடைத்த நேரம்.

இதைச் சிரிக்காமல் படிப்பவர்கள் பாவம். 18 வருஷம் நசுக்கப்பட்டவர்கள் தங்களை நசுக்கியவனைப் பற்றிச் சொல்லிச் சிரித்த கதை இது. பிரசங்கக் குரலில் வாசித்தால் அந்தச் சுவை போய்விடும். வீட்டில் கதை சொல்கிற குரலில் வாசியுங்கள். கடைசியில் ஏகூத் யோர்தான் துறைகளைப் பிடித்து, ஆற்றைக் கடந்து தப்ப முயன்ற மோவாபியரை வெட்டுகிறான். "யோர்தான் துறை" என்ற வார்த்தைக்கு ஒரு வட்டம் போட்டு வையுங்கள், அப்புறம் தேவைப்படும்.

சம்காருக்கு ஒரே வசனம்: மாடு ஓட்டும் தாற்றுக்கோலால் 600 பெலிஸ்தரைக் கொன்றான். எழுதிவிட்டு நகருங்கள்.

தீர்க்கதரிசியான தெபொராளின் கதை இரண்டு முறை சொல்லப்படுகிறது, 4-ஆம் அதிகாரத்தில் உரைநடையாக, 5-ஆம் அதிகாரத்தில் பாட்டாக. இரண்டையும் அடுத்தடுத்து படிக்காமல், பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். உரைநடையில் கானானியச் சேனாதிபதி சிசெராவிடம் 900 இரும்பு ரதங்கள் இருக்கின்றன; தெபொராள் அழைத்த பாராக் தாபோர் மலையிலிருந்து 10,000 பேரோடு இறங்குகிறான்; சிசெராவின் சேனை கலங்கடிக்கப்படுகிறது, அவன் ரதத்தை விட்டு இறங்கி நடந்து ஓடுகிறான். தேரில் வந்தவன் ஏன் நடந்து ஓடவேண்டும்? காரணம் பாட்டில் இருக்கிறது. மேகங்கள் தண்ணீர் பொழிந்தன, நட்சத்திரங்கள் சிசெராவோடு போர் செய்தன, கீசோன் நதி அவர்களை அடித்துக்கொண்டு போனது. சமவெளி சேறானால் இரும்பு ரதம் வெறும் பாரம்.

பாட்டில் மட்டும் கிடைக்கும் இன்னொரு செய்தி, யார் வரவில்லை என்பது. ரூபனின் பிரிவினர் தொழுவங்களில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டே இருந்தார்கள். கீலேயாத்தார் யோர்தானுக்கு அக்கரையில் இருந்துவிட்டார்கள். தாண் கப்பல்களோடு, ஆசேர் கடற்கரையோடு. மேரோஸ் என்ற ஊருக்குச் சாபமே விழுகிறது. யூதாவின் பெயர் பாட்டில் வரவே இல்லை. இஸ்ரவேல் ஒரே தேசமாக எழுந்து போர் செய்தது என்ற எண்ணத்தை இந்த ஒரு பாட்டு உடைத்துவிடும்.

ஆட்கள் நியாயம் கேட்டு வருவதாகக் காட்டப்படுவது தெபொராளிடம் மட்டும்தான், ராமாவுக்கும் பெத்தேலுக்கும் நடுவே ஒரு பேரீச்சமரத்தின் கீழ். மற்றவர்கள் எல்லாரும் போர்த்தலைவர்கள், இல்லையென்றால் எத்தனை வருஷம் நியாயம் விசாரித்தார்கள் என்ற ஒரு வரியோடு போகிறவர்கள். யாகேல் செய்தது சரியா என்ற கேள்வி இந்த இடத்தில் கட்டாயம் எழும். தப்பி ஓடிவந்து தண்ணீர் கேட்ட சிசெராவுக்குப் பால் கொடுத்து, தூங்கியவனின் நெற்றிப்பொட்டில் கூடார ஆணி அடித்தவள் அவள். பாட்டு அவளை வாழ்த்துகிறது. அதே பாட்டு, மகன் இன்னும் வரவில்லையே என்று பலகணி வழியாகப் பார்த்து நிற்கும் சிசெராவின் தாயையும் காட்டுகிறது. இரண்டையும் வாசிக்கச் சொல்லிவிட்டுப் பேச விட்டுவிடுவேன். தீர்ப்பு சொல்வதில்லை.

கிதியோனின் வரிசையில் முதல் உறுத்தல் தெரியும். மீதியானியர் 7 வருஷம் வாட்டியபின் ஜனங்கள் கூப்பிடுகிறார்கள். இம்முறை கர்த்தர் முதலில் அனுப்புவது ரட்சகனை அல்ல, கண்டிக்கிற ஒரு தீர்க்கதரிசியை. பிறகுதான் கிதியோன். அவனுடைய பயங்களை ஓரத்தில் குறித்துக்கொண்டே வாருங்கள். மீதியானியர் கண்ணில் படாமல் ஆலையருகே மறைவாகக் கோதுமை போரடிக்கிறான். பாகாலின் பலிபீடத்தைப் பத்து வேலைக்காரர்களோடு இரவில் இடிக்கிறான். ஆட்டுத்தோலைப் போட்டு இரண்டு முறை சோதிக்கிறான். அதன்பின்னும் எதிரியின் பாளயத்துக்குள் ஒருவன் சொல்லும் கனவை ஒட்டுக்கேட்டால்தான் தைரியம் வருகிறது. 32,000 பேர் 10,000 ஆகி, 300 ஆவது இந்தப் பயந்தவனின் கையில் என்பதை வைத்துப் படித்தால்தான் 7-ஆம் அதிகாரத்தின் எடை புரியும்.

எல்லாரும் அங்கேயே புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். என் வேண்டுகோள்: 8-ஆம் அதிகாரத்தை விட்டுவிடாதீர்கள். பயந்த கிதியோன் அங்கே காணாமல் போய்விடுகிறான். அப்பம் கொடுக்க மறுத்த சுக்கோத்தின் 77 மூப்பர்களின் பெயர்களை ஒரு வாலிபனிடம் எழுதி வாங்கி, முட்களால் அவர்களைத் தண்டிக்கிறான். பெனூவேலின் கோபுரத்தை இடித்து அந்த ஊராரைக் கொல்கிறான். தாபோரில் தன் சகோதரர்களைக் கொன்ற மீதியானிய ராஜாக்கள் சேபாவையும் சல்முனாவையும் வெட்டும்படி தன் மூத்த மகன் யெத்தேரிடம் சொல்கிறான். பையன் பயந்து பட்டயத்தை உருவவில்லை. போருக்கான காரணம் எங்கே மாறியது என்று பென்சிலால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள், நல்ல விவாதம் நடக்கும். ராஜாவாக இருக்கமாட்டேன் என்கிறான். அதே மூச்சில் 1,700 சேக்கல் பொன் கடுக்கன்களை வாங்கி ஏபோத் (ஆசாரியர் அணியும் உடை) செய்கிறான், அதையே இஸ்ரவேல் பின்பற்றிச் சோரம்போகிறது. இருந்தும் தேசம் 40 வருஷம் அமைதலாயிருந்தது. அந்தக் கடைசிப் பத்தியில் நீங்கள் எண் எழுதுவது இதுவே கடைசி முறை. இதற்கப்புறம் அமைதி என்ற வரி புத்தகத்தில் வராது.

கிதியோனின் மகன் அபிமெலேக்கு நியாயாதிபதி அல்ல. அவனை யாரும் எழுப்பவில்லை. வெளி எதிரியும் இல்லை. கிதியோனின் மற்றப் பிள்ளைகளான 70 பேரை ஒரே கல்லின் மேல் கொன்று சீகேமில் ராஜாவானவன். தப்பியது யோதாம் மட்டும். தாளில் அவனுக்கு வேறு நிறத்தில் ஒரு வரி போடுங்கள், ஆட்சி 3 வருஷம். யோதாம் சொல்லும் மரங்களின் கதையைச் சத்தமாக வாசியுங்கள்: ஒலிவமரமும் அத்திமரமும் திராட்சச்செடியும் மறுத்த ராஜபதவியை முட்செடி வாங்கிக்கொண்டு, என் நிழலில் வந்து தங்குங்கள் என்கிறது. முட்செடிக்கு ஏது நிழல்?

தோலா, யாவீர், அப்புறம் யெப்தாவுக்குப் பின் வரும் இப்சான், ஏலோன், அப்தோன் ஆகியோருக்கு வருஷக் கணக்கையும், எத்தனை மகன்கள், எத்தனை கழுதைகள் என்பதையும் குறித்தால் போதும்.

யெப்தாவிடம் வரும்போது "கூப்பிட்டார்களா" கட்டத்தில் ஆம் என்று எழுதிவிட்டு, பக்கத்தில் கர்த்தரின் பதிலையும் எழுதுங்கள்: நீங்கள் தெரிந்துகொண்ட தேவர்களிடம் போய் முறையிடுங்கள். இப்படி அவர் மறுப்பது இதுதான் முதல் தடவை. ஜனங்கள் அந்நிய தேவர்களை விலக்கியபின் அவர் மனமிரங்கினாலும், "எழுப்பினாரா" கட்டம் காலி. யெப்தாவைத் தேடிப் போவது கீலேயாத்தின் மூப்பர்கள். வேசியின் மகன் என்று துரத்தப்பட்டவனிடம் போய்ப் பேரம் பேசுகிறார்கள், அவனும் தலைவனாக வைப்பீர்களா என்று உறுதி வாங்கிக்கொண்டுதான் வருகிறான். அம்மோன் ராஜாவுக்கு அவன் அனுப்பும் செய்தியில் இஸ்ரவேலின் பழைய வரலாறு பிசகாமல் இருக்கிறது. அவ்வளவு தெரிந்தவன், ஜெயித்துத் திரும்பும்போது வீட்டுவாசலிலிருந்து எதிரே வருவதைப் பலியிடுவேன் என்று கேட்கப்படாமலே ஒரு பொருத்தனை செய்து, எதிரே வந்த மகளை இழக்கிறான். அவளைத் தகனபலியாக்கினானா, வாழ்நாள் முழுக்கக் கன்னியாக ஒப்புக்கொடுத்தானா என்று இரண்டு விதமாக வாசிப்பவர்கள் உண்டு. பொருத்தனையின்படி செய்தான் என்ற வசனத்தை நேராகப் படித்தால் முதலாவதுதான் என்பது என் எண்ணம். அவளுக்குப் பெயர் கூடக் கொடுக்கப்படவில்லை.

இப்போது அந்த வட்டத்துக்குத் திரும்புங்கள். ஏகூத் யோர்தான் துறைகளைப் பிடித்தது மோவாபியரை மடக்க. கிதியோன் எப்பிராயீமரை அனுப்பித் துறைகளைப் பிடிக்கச் சொன்னது மீதியானியரை மடக்க. மூன்றாவதாக யெப்தாவின் ஆட்கள் அதே யோர்தானின் துறைகளைப் பிடிக்கிறார்கள், தப்பி வரும் எப்பிராயீமரை மடக்க. ஷிபோலேத் என்று சொல் என்கிறார்கள்; எப்பிராயீமர் வாயில் அந்த 'ஷ' வராது, சிபோலேத் என்று வந்தால் வெட்டு. 42,000 பேர், எல்லாரும் சொந்த ஜனம். சண்டைக்குக் காரணம், எங்களைப் போருக்கு ஏன் அழைக்கவில்லை என்று எப்பிராயீமர் கேட்டது. அதையே அவர்கள் கிதியோனிடமும் கேட்டார்கள். உங்கள் அறுப்பில் மிஞ்சியதே எங்கள் முழு அறுப்பைவிட மேல் என்று நயமாகச் சொல்லி அவன் கோபத்தைத் தணித்தான். 3:28, 7:24, 12:5 இந்த மூன்று வசனங்களையும் ஒரு கோட்டால் இணைத்துவிட்டால், நான் சொல்லவந்த சரிவு ஒரே பார்வையில் தெரிந்துவிடும். குழுவில் எத்தனை முறை செய்தாலும் இந்த இடத்தில் ஒரு நிமிஷம் யாரும் பேசமாட்டார்கள்.

சிம்சோனை எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது, அதையும் சொல்லிவிடுகிறேன். அவனுடைய வரிசையைப் பாருங்கள். பெலிஸ்தரின் கையில் 40 வருஷம், இருப்பதிலேயே நீண்ட அடிமைத்தனம். "கூப்பிட்டார்களா" கட்டம் காலி, யாரும் கூப்பிடவில்லை. ஏன் என்பதற்கு 15:11 பதில். யூதாவிலிருந்து 3,000 பேர் வருகிறார்கள், சிம்சோனோடு சேர்ந்து போரிட அல்ல, அவனைக் கட்டிப் பெலிஸ்தரிடம் ஒப்படைக்க. பெலிஸ்தர் நம்மை ஆளுகிறார்கள் என்று உனக்குத் தெரியாதா என்று கேட்கிறார்கள். அடிமைத்தனம் பழகிப்போன ஜனம். ஆவி இறங்கிய கட்டத்தில் சிம்சோனுக்கு மற்ற எவரையும்விட அதிகமான வசனங்கள் சேரும். ஆனால் அவன் ஒரு சேனையையும் நடத்தவில்லை. திம்னாத்தின் பெண், 300 நரிகள், கழுதையின் தாடையெலும்பு, காசாவின் வாசற்கதவுகள், எல்லாமே அவனுடைய சொந்தக் கணக்கு. கடைசி ஜெபமும் தன் இரண்டு கண்களுக்காகப் பழிவாங்க. அவன் பிறப்பை அறிவித்த தூதன் முதலிலேயே அளந்துதான் சொன்னான்: அவன் ரட்சிக்கத் தொடங்குவான். முடிப்பான் என்று சொல்லவில்லை.

வரைபடத்தில் ஒவ்வொருவரின் இடத்தையும் குறியுங்கள். ஒத்னியேல் யூதா, ஏகூத் பென்யமீன், பாராக் நப்தலி, கிதியோன் மனாசே, யெப்தா யோர்தானுக்குக் கிழக்கே கீலேயாத், சிம்சோன் மேற்கே தாண். ஒருவர்கூட முழு தேசத்தையும் ஆண்டதாகத் தெரியவில்லை. இது ஒரு கணக்குச் சிக்கலையும் அவிழ்க்கும். தாளில் உள்ள அடிமை வருஷம், அமைதி வருஷம், ஆட்சி வருஷம் எல்லாவற்றையும் கூட்டினால் 410 வரும். எகிப்திலிருந்து புறப்பட்டதுமுதல் சாலொமோன் ஆலயம் கட்டத் தொடங்கியதுவரை 480 வருஷம் என்கிறது 1 இராஜாக்கள் 6:1. அந்த 480-க்குள் வனாந்தரத்தின் 40, யோசுவாவின் காலம், ஆசாரியன் ஏலியின் 40, சாமுவேல், சவுல், தாவீதின் 40 எல்லாம் அடங்கவேண்டும். வரிசையாக அடுக்கினால் அடங்காது. கிழக்கே யெப்தா அம்மோனியரோடு போராடும்போதே மேற்கே பெலிஸ்தர் நெருக்கிக்கொண்டிருந்திருக்கலாம். 10:7 இரண்டு எதிரிகளையும் ஒரே வசனத்தில்தான் சொல்கிறது. வேதாகமத்துக்கு வெளியே இஸ்ரவேலின் பெயர் முதன்முதலில் வருவதாகப் பெரும்பாலோர் ஏற்கும் எகிப்திய மெர்னப்தா கல்வெட்டு ஏறக்குறைய கி.மு. 1208-ஐச் சேர்ந்தது. அதிலும் இஸ்ரவேல் ஒரு ஜனக்கூட்டமாகத்தான் குறிக்கப்படுகிறது.

17 முதல் 21 வரையிலான அதிகாரங்களில் நியாயாதிபதியே கிடையாது. மீகாவின் விக்கிரக வீடு, தாண் கோத்திரத்தின் இடமாற்றம், கிபியாவில் லேவியனின் மறுமனையாட்டிக்கு நடந்த கொடூரம், பென்யமீன் கோத்திரம் அழிவின் விளிம்புக்குப் போனது. குழுவாகப் படித்தால் 19-ஆம் அதிகாரத்தைப் பற்றி முந்தின வாரமே எச்சரித்துவிடுங்கள். பிள்ளைகள் இருக்கும் இடத்தில் வேண்டவே வேண்டாம். இவை சிம்சோனுக்குப் பின் நடந்தவை என்றும் எண்ணவேண்டாம். 20:28-இல் ஆரோனின் பேரன் பினெகாஸ் ஊழியத்தில் இருக்கிறான், அதாவது காலத்தால் இவை தொடக்கத்துக்கு அருகில். கடைசியில் வைத்தது எழுதியவரின் முடிவு. முதல் அதிகாரத்தை இப்போது படியுங்கள். ஊர்ப் பெயர்கள் எல்லாம் பழகியிருக்கும், யார் யாரைத் துரத்தாமல் விட்டார்கள் என்பதன் விளைவும் தெரிந்திருக்கும்.

ரூத் இதே காலத்துக் கதை, நான்கு அதிகாரம். 21-ஆம் அதிகாரத்தின் கசப்புக்குப் பின் அதைப் படிப்பது நல்லது.

தாளை மடித்து வைக்காதீர்கள், இன்னும் இரண்டு வரிசைக்கு இடம் வேண்டும். 1 சாமுவேலில் ஏலி 40 வருஷம் நியாயம் விசாரித்தார். அடுத்து சாமுவேல், பெத்தேல், கில்கால், மிஸ்பா என்று வருஷந்தோறும் சுற்றி வந்து ராமாவுக்குத் திரும்புகிறவர். 7-ஆம் அதிகாரத்தில் தங்களுக்காகக் கர்த்தரைக் கூப்பிடும்படி ஜனங்கள் சாமுவேலிடம் சொல்கிறார்கள், பெலிஸ்தர் அடங்குகிறார்கள், எமோரியரோடு சமாதானமும் உண்டாகிறது. வெகுகாலமாகக் காலியாகக் கிடந்த கட்டங்களில் மறுபடி எழுதுவீர்கள். 8-ஆம் அதிகாரத்தின் முதல் மூன்று வசனங்களையும் அதே வரிசையில் சேர்த்துவிடுங்கள்: அவருடைய மகன்கள் பெயெர்செபாவில் பரிதானம் (லஞ்சம்) வாங்கினார்கள், ஐந்தாம் வசனத்தில் ஜனங்கள் ராஜா வேண்டும் என்கிறார்கள்.